காய்ச்சல் வந்தவரைக் காப்பகத்தை விட்டு அனுப்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழையையொட்டி சென்னையில் வார்டுதோறும் காய்ச்சல் முகாம்கள் நடத்தப்படும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால், முகாம்கள் நடக்கும் பகல் வேளையில், மாநகராட்சியின் ஆதரவுடன் இயங்கும் வீடற்றோர் காப்பகங்களில் தங்குவோரில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்திலேயே இருக்கமாட்டார்கள். கோயம்பேட்டில் மூட்டை இறக்கவும், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவவும், பழைய பேப்பரும் பிளாஸ்டிக்கும் பொறுக்கவும் விடியும் முன்பே கிளம்பிவிடுகிற அவர்கள், இருட்டிய பிறகுதான் பாயைத் தேடி வருகிறார்கள். நகரத்தில் தொற்று மிக எளிதாகப் பரவக்கூடிய கூட்டத்தைத் தொடாமலேயே முகாம் முடிந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வடசென்னையில் உள்ள ஆண்கள் காப்பகம் ஒன்றுக்கு வாரந்தோறும் போய்வருகிறவள் என்ற முறையில் இது குறித்துச் சில விஷயங்களைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகுதான், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிமுறைகள், காப்பகத்தில் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. அதாவது, ஐம்பது பேர் தங்கும் காப்பகத்தில் 2,500 சதுர அடி இடம் இருக்க வேண்டும். பழைய பள்ளிக் கட்டடங்களையும் சமுதாயக் கூடங்களையும் மாற்றியமைத்து நடத்தப்படும் இடங்களில் இந்த அளவு எங்கே கிடைக்கும்? நான் போகும் இடத்தில் பாய்களுக்கு நடுவே ஓர் ஆள் கால் வைத்து நடக்கும் அளவுக்குத்தான் இடைவெளி. தலைமாட்டில் துணிப்பை, அதன்மேல் செருப்பு. சுவரிலிருந்து சுவருக்குக் கட்டிய கொடியில் எல்லாருடைய துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காயும். கொசுவுக்குப் பயந்து இரவில் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள்; மழை பெய்தால் பகலிலும் திறப்பதில்லை. காற்றில் பரவும் எந்த நோய்க்கும் இதைவிட வசதியான இடம் தேவையில்லை.

மெட்ராஸ் ஐ ஒருவருக்கு வந்தால் அந்தத் துண்டுக் கொடி வழியாகவே வரிசை முழுக்கப் போய்விடும். அது சில நாள் தொல்லை. அம்மை அப்படியல்ல, வளர்ந்தவர்களைக் கடுமையாகப் படுத்தும், சிலருக்கு நுரையீரல் அழற்சி வரை கொண்டுபோகும். வீடுள்ளவர்களுக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளியாள் உள்ளே வரமாட்டார், நோயாளிக்கு ஒரு மூலையும் தனித் தட்டும் ஒதுக்கப்படும். நம்பிக்கை எதுவாக இருந்தாலும், அதன் பலன் தனிமைப்படுத்தல்தான். ஒரே கூடத்தில் ஐம்பது பேர் படுக்கும் இடத்தில் வேப்பிலையை எந்த வாசலில் செருகுவது? அதிலும் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அம்மை பரவத் தொடங்கிவிடும் என்பதால், கண்டுபிடிக்கும் நேரத்தில் பக்கத்துப் பாய்க்காரர்கள் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள்.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது, நோயை மறைக்கும் வழக்கம். இருமலை அடக்கத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த ஒருவரிடம் எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மெதுவாக, "சிஸ்டர், பொறுப்பாளர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். அந்தப் பொறுப்பாளர் கல்நெஞ்சக்காரர் ஒன்றும் இல்லை. அவரிடம் தனியறை கிடையாது, பகலில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் முறையிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சரியான பிறகு வா என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. போனவர் திரும்பி வரும்போது அந்தப் பாயில் வேறொருவர் இருப்பார். இது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் காய்ச்சல் மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கிவிட்டு, நோயோடு அதே வரிசையில் படுத்துக்கொள்கிறார்கள். நோயாளியை வெளியே அனுப்பும் நடைமுறை மற்றவர்களைக் காப்பாற்றுவதாகத் தோன்றினாலும், நோயை ஒளிக்கக் கற்றுக்கொடுத்து அவர்களுக்கே கேடாக முடிகிறது.

வாசலில் வெப்பமானி வைத்துச் சோதித்து உள்ளே விட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கொரோனா காலத்தில் நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட அந்தக் கருவியின் மீது நமக்கெல்லாம் அளவுக்கு மீறிய மரியாதை வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு பெரிய காப்பகத்தில் இருந்த 408 பேருக்கும், அறிகுறி உண்டா இல்லையா என்று பாராமல் பரிசோதனை செய்தார்கள். 147 பேருக்குத் தொற்று இருந்தது. அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. காய்ச்சல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. வாசலில் நிற்கும் வெப்பமானி ஏறக்குறைய அத்தனை பேரையும் உள்ளே விட்டிருக்கும். அதே காலத்தில் இங்கிலாந்து அரசு, தெருவிலும் கூட்டுக் காப்பகங்களிலும் இருந்தவர்களை ஆளில்லாமல் கிடந்த ஹோட்டல் அறைகளுக்கு மாற்றியது. அந்த முதல் அலையில் எடுக்கப்பட்ட இத்தகைய தடுப்பு நடவடிக்கைகள் வீடற்றோரிடையே 266 இறப்புகளைத் தவிர்த்திருக்கும் என்று பின்னர் வெளிவந்த ஒரு கணித மாதிரிக் கணக்கீடு மதிப்பிட்டது. சென்னையில் ஹோட்டல் அறை கேட்பது என் நோக்கமில்லை. இடமும் காற்றும் செய்யும் வேலையைக் கருவி செய்யாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

காசநோய் விஷயத்தில் வழிகாட்ட வெளிநாடு தேவையில்லை. 1956இல் இந்த நகரில் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1959இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். நெருக்கடியான குடிசைகளில் உடன் வாழ்ந்த உறவினர்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்ததில், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றியதாகத் தெரியவில்லை. முறையாக மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே நோய் பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடும் என்பதை இன்று காசநோய்ப் பிரிவில் வேலை செய்யும் எவரும் சொல்வார். அப்படியிருக்க, காப்பகத்தையே வீடாகக் கொண்ட ஒருவரை, சளியில் கிருமி இருக்கிறது என்பதற்காகத் தெருவுக்கு அனுப்பினால், மாதக்கணக்கில் தொடர வேண்டிய மருந்தை எந்த நடைபாதையில் வைத்து அவர் சாப்பிடுவார்? பாதியில் விட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயோடு அடுத்த காப்பகத்தின் கதவைத் தட்டுவார். மருந்து தொடங்கும் அந்த முதல் சில வாரங்களுக்கு மட்டும் தனியறை இருந்தால் போதும். பிறகு அவர் தம் பழைய பாய்க்கே திரும்பலாம்.

மருத்துவமனைகளின் பங்கையும் சொல்ல வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, "கூட ஆள் இருக்கா?" என்பது. நானே பணியில் இருந்தபோது ஆயிரம் முறை கேட்டிருப்பேன். உடனிருப்பவர் இல்லாமல் வார்டு ஓடாது என்பது உண்மைதான். அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியின் உடனிருப்போர் தங்குவதற்கென மாநகராட்சி காப்பகங்கள் அமைத்திருப்பது நல்ல காரியம். ஆனால், உடனிருக்க யாருமே இல்லாத நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது போய்த் தங்க ஓரிடம் இல்லை. படுக்கையை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு நோய் இல்லை, ஐம்பது பேர் கூடத்துக்குத் திரும்பும் அளவுக்குத் தேறவும் இல்லை என்ற இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள் இவர்கள். சென்னைக்கு இது புதிய பிரச்சினையும் அல்ல, தீர்க்க முடியாததும் அல்ல. 2020இல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தையும் கல்லூரி விடுதிகளையும் சில வாரங்களுக்குள் கோவிட் பராமரிப்பு மையங்களாக மாற்றிய நிர்வாகம்தான் இது. பாஸ்டனில் வீடற்ற நோயாளிகள் தேறும்வரை தங்குவதற்கான படுக்கைகளை 1985ஆம் ஆண்டிலிருந்தே நடத்துகிறார்கள். நம் நகர்ப்புற சமுதாய நல மையங்களில், மண்டலத்துக்கு ஒன்றில், சில படுக்கைகளை இதற்கென ஆண்டு முழுவதும் ஒதுக்கிவைக்க முடியாதா?

தொற்று பரவும் காலத்தில் காப்பகங்களில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிடலாம் என்ற யோசனையும் அவ்வப்போது முன்வைக்கப்படுகிறது. உள்ளே இருப்பவர்களைப் பற்றிய அக்கறையில் எழுவது அது. ஆனால் காய்ச்சல் பெருகுவதும் நடைபாதையில் முழங்கால் தண்ணீர் நிற்பதும் சென்னையில் ஒரே மாதங்களில்தான். கதவைச் சாத்தும் நாளில்தான் வெளியே இருப்பவருக்குக் கூரை மிக அவசியம். சேர்ப்பதைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கு ஈடாக அந்த வாரமே பள்ளியோ மண்டபமோ கூடுதலாகத் திறக்கப்பட வேண்டும். 2020 மார்ச் ஊரடங்கின்போது அவ்வாறுதான் செய்யப்பட்டது.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா தடுப்பூசிக்கு முதலில் அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை இல்லாதவர்களுக்கும் செலுத்தலாம் என்ற தனி நடைமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே மாதம்தான் வெளியிட்டது. தடுப்பூசி ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்து 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட உதவித்தொகை வங்கிக் கணக்கில்தான் வரும். ஆதார் அட்டை மழையில் போய்விட்டது, கணக்குப் புத்தகம் ஊரில் இருக்கிறது என்பவருக்கு மாத்திரை கிடைக்கும், முட்டையும் பாலும் கிடைக்காது. காப்பகத்தின் பதிவேட்டையே முகவரிச் சான்றாக ஏற்று அங்கேயே கணக்குத் தொடங்கித் தர, அருகிலுள்ள வங்கிக் கிளைக்கு மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்தினால் ஒரே நாளில் முடியும் வேலை இது.

காப்பகப் பணியாளர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இரவு முழுக்க அந்தக் கூடத்தின் ஓரத்திலேயே படுக்கும் பொறுப்பாளரும், கழிவறை கழுவும் அம்மாவும் முதலில் தொற்றுக்கு ஆளாகிறவர்கள். தொற்றை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் வாய்ப்புள்ளவர்களும் அவர்களே. காய்ச்சலோடு விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிக்கப்படும் என்ற நிலையில் அவர்களும் மறைக்கத்தான் செய்வார்கள். சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, ஆண்டுக்கொரு முறை நெஞ்சு எக்ஸ்ரே, ஃப்ளூ தடுப்பூசி ஆகிய மூன்றையும் காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனங்களுடனான ஒப்பந்தத்திலேயே மாநகராட்சி எழுதிவிடலாம்.

மழை வலுக்கும் முன்பாகக் குறைந்தபட்சம் மூன்று காரியங்களையாவது மாநகராட்சி ஆணையர் செய்துதர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு காப்பகத்திலும், பொருள் வைக்கும் அறையாகப் பூட்டிக் கிடப்பதையாவது காலி செய்து, ஜன்னலுள்ள ஓர் அறையை நோயாளிகளுக்கென ஒதுக்க வேண்டும். அந்த அறையில் இருப்பவர் பகலிலும் அங்கேயே தங்கிச் சாப்பிட அனுமதி வேண்டும். நோயின் காரணமாக எவருடைய இடமும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படாது என்று எழுதி, எல்லாரும் படிக்கும்படி வாசலில் ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பொறுப்பாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காய்ச்சல் முகாமின் மருத்துவக் குழு வாரம் ஒரு முறையாவது இரவு எட்டு மணிக்கு மேல் காப்பகங்களுக்கு வர வேண்டும். எந்தக் காப்பகத்துக்கு எந்தக் கிழமை என்ற அட்டவணையையும் முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
ராயபுரம், சென்னை.