பட்டப்பெயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பேஸ்பால் வீரர் லூதர் டெய்லரை 'ஊமை டெய்லர்' என்று இன்றும் எழுதுவது நெஞ்சை உறுத்துகிறது. காது கேளாத அவர், 1904-இல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்காக 21 வெற்றிகளைக் குவித்த பந்துவீச்சாளர். அவருக்காக அணி மேலாளர் மெக்ராவே விரல்களால் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். சக வீரர்களும் கற்றார்கள். ஒருவர் பேசுவதற்காக ஓர் அணியே கைகளைப் பழக்கிக்கொண்டது, எவ்வளவு பெரிய விஷயம்!

பின்னர் தாம் படித்த கான்சாஸ் காதுகேளாதோர் பள்ளிக்கே திரும்பி, பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். அப்பள்ளி தன் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதுவும் பெற்றோர் வைத்த பெயரை, ஊரார் ஒட்டிய பட்டத்தை அல்ல. உங்கள் விளையாட்டுப் பக்கமும் இனி அவரை லூதர் டெய்லர் என்றே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்