நைல் நதிச் சொகுசுக் கப்பல் பயணத்தில் வாக்களித்த இடங்களைக் காட்டாதது குறித்துப் புகார்

அனுப்புநர்:
டிசம்பர் மாத எகிப்துக் குழுவில் தமக்கையுடன் பயணம் செய்த வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தங்கள் சுற்றுலா நிறுவனத்தின் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: லக்சர் – அஸ்வான் நைல் நதிக் கப்பல் பயணத்தில் ஏற்பட்ட சேவைக் குறைபாடு – கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது புகார் மின்னஞ்சலும் அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த டிசம்பரில் தங்கள் நிறுவனம் நடத்திய நைல் நதிப் பயணத்தில் நானும் என் அக்காவும் கலந்துகொண்டோம். ஊர் திரும்பியதும் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு அளித்த பதிலில், "சிறு அசௌகரியங்களுக்கு" வருத்தம் தெரிவித்து, அடுத்த பயணத்தில் பயன்படுத்திக்கொள்ளுமாறு தள்ளுபடிக் கூப்பன் ஒன்றையும் இணைத்திருந்தீர்கள். அந்தக் கூப்பனை நான் ஏற்கவில்லை. நடந்தவை சிறு அசௌகரியங்கள் அல்ல. முழுப் பணத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு தராமல் விட்ட சேவைகள். ஒவ்வொன்றையும் விளக்கிச் சொன்ன பிறகாவது தங்கள் நிலைப்பாடு மாறும் என்று கருதியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலாவதும் முதன்மையானதும், லக்சருக்கு அருகே பண்டைய எகிப்திய அரசர்களின் கல்லறைகள் இருக்கும் மன்னர்களின் பள்ளத்தாக்கில் நடந்தது. "முதலாம் சேத்தியின் கல்லறை உட்பட, அனைத்து நுழைவுக் கட்டணங்களும் அடக்கம்" என்று தங்கள் பயணத் திட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வரிக்காகத்தான், இதைவிடக் குறைந்த கட்டணம் சொன்ன நிறுவனங்களை விட்டுவிட்டுத் தங்களிடம் பதிவு செய்தேன். அப்பள்ளத்தாக்கின் பொது நுழைவுச்சீட்டைக் கொண்டு மூன்று கல்லறைகளைப் பார்க்கலாம். சேத்தியின் கல்லறை அந்த மூன்றில் சேராது. அதற்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும், அதன் விலையும் பொதுச்சீட்டைப் போல் இரு மடங்குக்கு மேல். 1817ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர் பெல்சோனி கண்டறிந்த அந்தக் கல்லறை ஏறத்தாழ 137 மீட்டர் நீளத்துக்கு மலைக்குள் இறங்குகிறது என்பதையும், வாயிலிலிருந்து உள்ளறை வரை சுவர்களில் வண்ணம் தீட்டிய புடைப்புச் சிற்பங்களும் அடக்க அறையின் விதானத்தில் விண்மீன் கூட்டங்களும் இருக்கின்றன என்பதையும் தங்கள் விளம்பரக் கையேடே இரண்டு பக்கங்களுக்கு வருணிக்கிறது.

அந்த வாயில் வரை எங்களை அழைத்துச் சென்றார்கள். காவலர் எங்கள் சீட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தலையை அசைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் நின்ற குழுவினரின் சீட்டை விரலால் தட்டிக் காட்டினார். அவர்கள் உள்ளே இறங்கிப் போனார்கள், நாங்கள் வெயிலில் நின்றோம். வழிகாட்டி கெய்ரோவிலுள்ள தங்கள் முகவர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகுதான், பொதுச்சீட்டுக்கு மட்டுமே பணம் கட்டப்பட்டிருந்தது என்பது தெரிய வந்தது. நானே சீட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். விற்பனை முகப்பு நுழைவாயிலில் இருப்பதாகவும், அங்கே போய் வர நேரமில்லை என்றும் பதில் வந்தது. நேரமில்லாமல் போனதற்குக் காரணம், அன்று காலை எங்கள் பேருந்து முதலில் போய் நின்றது ஓர் அலபாஸ்டர் கல் பட்டறையில்! பூச்சாடிகளுக்கும் பூனைப் பொம்மைகளுக்கும் நடுவே அங்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கப்பட்டோம். தங்கள் பயணத் திட்டத்தில் அந்தப் பட்டறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விளைவாக, பொதுச்சீட்டுக்குரிய மூன்று கல்லறைகளில்கூட, நுழைவாயிலுக்கு அருகிலிருக்கும் நான்காம் ராமேசஸ், ஒன்பதாம் ராமேசஸ் ஆகியோரின் கல்லறைகளை மட்டுமே பார்க்க முடிந்தது.

"கல்லறைகள் அவ்வப்போது சுழற்சி முறையில் மூடப்படும், அது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று தங்கள் பதில் கூறுகிறது. கல்லறைகள் அப்படி மூடப்படுவது உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்தக் கல்லறை திறந்திருந்தது, என் கண்ணெதிரே ஆட்கள் உள்ளே போனார்கள். மூடியிருந்தது தங்கள் பணப்பை மட்டுமே என்று எழுத நேர்வதற்கு வருந்துகிறேன்.

இரண்டாவது, வழியிலுள்ள எட்ஃபூ என்னும் ஊர். கி.மு. 237இல் மூன்றாம் தாலமி மன்னரின் காலத்தில் தொடங்கி கி.மு. 57இல் கட்டி முடிக்கப்பட்ட, பருந்துத் தலைத் தெய்வமான ஹோரஸின் கோயில் அங்கே ஏறக்குறைய முழுமையாக நிற்கிறது. 36 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுர வாயிலைக் கடந்தால் திறந்த முற்றம், தூண் மண்டபங்கள், கருவறையில் ஒரே கல்லில் குடைந்த பேழை, எல்லாவற்றையும் சுற்றி நம் ஊர்ப் பிராகாரத்தைப் போன்ற ஒரு நடை. அந்த நடையின் சுவரில், நீர்யானை வடிவெடுத்த பகைத் தெய்வத்தை ஹோரஸ் படகிலிருந்து ஈட்டியால் குத்தும் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இதற்கெல்லாம் திட்டத்தில் இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருந்தீர்கள். எங்களுக்குக் கிடைத்ததோ, கரையிலிருந்து குதிரை வண்டியில் போய்த் திரும்பிய நேரம் நீங்கலாக, நாற்பது நிமிடம். என் அக்கா முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். நாற்பது நிமிடத்தில் ஓடி முடித்தாக வேண்டும் என்று கப்பல் மேலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்ததும், மற்றவர்களுக்குத் தன்னால் தாமதம் ஆகக் கூடாது என்று அவர் கப்பலிலேயே தங்கிவிட்டார்.

எஸ்னா அணையில் கப்பல்கள் வரிசையில் காத்திருக்க நேர்ந்ததே இதற்குக் காரணம் என்றும், அது எதிர்பாராதது என்றும் தங்கள் பதில் சொல்கிறது. லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே போகும் ஒவ்வொரு கப்பலும் அந்த அணையின் மதகில் புகுந்து, நீர்மட்டம் மாறும்வரை நின்று, பிறகே மறுபுறம் போக முடியும். ஒரு நேரத்தில் ஓரிரு கப்பல்களுக்குத்தான் அங்கே இடம் உண்டு என்பதால், சுற்றுலாப் பருவத்தில் வரிசை நிற்பது அன்றாட நிகழ்ச்சி. ஆண்டுதோறும் டிசம்பரில் குழுக்களை அழைத்துச் செல்லும் நிறுவனத்துக்கு இது எதிர்பாராததாக இருக்க முடியாது. பயண அட்டவணையை வகுக்கும்போதே கணக்கில் கொண்டிருக்க வேண்டும். இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் காத்துக் கிடந்த எஸ்னா ஊருக்குள், தெரு மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில், குனூம் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. புகைக்கரி படிந்திருந்த அதன் விதானத்தை அண்மை ஆண்டுகளில் தூய்மைப்படுத்தியதில் பழைய வண்ணங்கள் வெளிவந்துள்ளன. திட்டத்தில் இல்லாததால் அதைக் காட்டவில்லை என்று குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆயினும் பயணிகளின் மீது அக்கறையுள்ளவர் எவரும் அந்தக் காத்திருப்பைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, அபு சிம்பல். தங்கள் கையேட்டின் அட்டையை நிறைத்திருப்பது இரண்டாம் ராமேசஸின் நான்கு அமர்ந்த சிலைகள். அஸ்வான் உயர் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்காமலிருக்க 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து மேட்டில் மறுபடியும் அமைத்த அந்தக் கோயில், அஸ்வானிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் ஏறிய பிறகுதான், அது "விருப்பத் தேர்வு" என்றும் ஆளுக்கு 150 டாலர் தனியே செலுத்த வேண்டும் என்றும் கூறப்பட்டது. அவ்வளவு தூரம் போய்விட்டு எவர்தான் பார்க்காமல் திரும்புவார்? எல்லோரையும் போல நாங்களும் கட்டினோம். அட்டையில் உள்ளது மாதிரிப் படமே என்னும் தங்கள் விளக்கம் பொருந்தாது. அட்டையைத் திருப்பினால் முதல் பக்கத்திலேயே "நீங்கள் காணவிருக்கும் இடங்கள்" என்ற தலைப்பின் கீழ் அபு சிம்பலின் பெயர் இருக்கிறது.

நான்காவது, அறை. கப்பலை மாற்றும் உரிமை நிபந்தனைகளில் இருப்பதால் கப்பல் மாறியதைப் பற்றி நான் பேசவில்லை. மேல்தளத்துப் பால்கனி அறைக்கென ஆளுக்கு 32,000 ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, கீழ்த்தளத்தில் திறக்க முடியாத சன்னல் கொண்ட அறையைக் கொடுத்ததைப் பற்றித்தான் பேசுகிறேன். கரையில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றையொட்டி ஒன்றாகக் கட்டி நிறுத்துவது அங்குள்ள வழக்கம். ஆகவே கப்பல் நின்ற போதெல்லாம் திரையை விலக்கினால் தெரிந்தது நைல் அல்ல, கையெட்டும் தூரத்தில் அடுத்த கப்பலின் சன்னலும், அதற்குள் தலை துவட்டிக்கொண்டிருந்த ஓர் அயலாரும். அந்தக் கப்பல்களின் வரவேற்புக் கூடங்கள் வழியாகவே கரைக்குப் போக வேண்டும். கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையே கைப்பிடியில்லாத பலகை. அக்காவின் முழங்காலைப் பற்றிப் பதிவுப் படிவத்தில் எழுதியிருந்தும், அதைக் கப்பலுக்குத் தெரிவிக்க எவரும் முனையவில்லை.

சைவ உணவு பற்றியும் ஒரு சொல். கோஷரி, ஃபூல், தாமியா என்று இறைச்சி கலக்காத உணவுக்குப் பேர்போன நாட்டில், எங்களுக்கு வேளை தவறாமல் வந்தவை வேகவைத்த காரட்டும் பாஸ்தாவும். இதற்கு நான் பணம் கேட்கவில்லை.

கப்பல் பணியாளர்கள் மீதும் உள்ளூர் வழிகாட்டிகள் மீதும் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பலகையைக் கடக்கும்போது இரு இளைஞர்கள் அக்காவின் கைகளை இருபுறமும் தாங்கிப் பிடித்தார்கள். நாள்தோறும் அறையைச் சுத்தம் செய்தவர் துண்டை அன்னமாகவும் முதலையாகவும் மடித்து வைத்துவிட்டுப் போனார். அகில்கியா தீவுக்கு இடம் மாற்றப்பட்ட பிலே கோயிலில், கி.பி. 394ஆம் ஆண்டைச் சேர்ந்த, காலம் அறியப்பட்டவற்றில் கடைசியான சித்திர எழுத்துக் கல்வெட்டைப் பொறுமையாகக் காட்டிய வழிகாட்டியும், அவசரமின்றிப் பார்க்க முடிந்த கோம் ஓம்போ கோயிலும் இந்தப் பயணம் எப்படி அமைந்திருக்கலாம் என்பதற்குச் சான்று. குறை, சென்னையில் அட்டவணை போட்டவர்களிடமும் சீட்டுக்குப் பணம் அனுப்பாதவர்களிடமும் இருக்கிறது.

எனவே, சேத்தியின் கல்லறைக்கான இருவரின் சீட்டுத் தொகை, அபு சிம்பலுக்கு வாங்கிய 300 டாலருக்கு ஈடான ரூபாய், பால்கனி அறைக்கான கூடுதல் கட்டணம் 64,000 ரூபாய் ஆகியவற்றையும், எட்ஃபூவில் சுருக்கப்பட்ட நேரத்துக்கும் என் அக்கா அக்கோயிலைப் பார்க்க இயலாமல் போனதற்கும் நியாயமான இழப்பீட்டையும் எனது வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். கூப்பனாகவோ அடுத்த பயணத்தில் கழிவாகவோ தருவதை ஏற்க இயலாது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தீர்வு வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சேவைக் குறைபாடு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிய காரணங்களைக் காட்டி, நான் வசிக்கும் கோயம்புத்தூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடமளிக்கிறது.

பயணத் திட்டம், கையேட்டின் அட்டையும் முதல் பக்கமும், கட்டண ரசீதுகள், பதிவுப் படிவத்தின் நகல், அன்றைய நுழைவுச்சீட்டுகளின் ஒளிப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)