தேதியைப் பார்த்து ஓட்டுப் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் என்றாலே உரிமம், செலவு என்று பேசுகிறோம். ஒரு பதிப்பை வெளியிடலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று உள்ளே எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. ஆறு ஆண்டுகளாக ஒரு தன்னார்வத் திட்டத்தில் சோதனை வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வெளியீட்டுக்கு நான்கு நாள் இருந்தபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. எங்கள் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவும்போது பிரெஞ்சு விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, வட்டைப் பூட்டக் கடவுச்சொல் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அப்புறம் கணினியை மறுபடி இயக்கினால், அதே கடவுச்சொல்லை ஏற்கவில்லை. திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள். ஐந்தாறு தடவை தட்டிய பிறகுதான் பிடிபட்டது: தொடக்கத் திரை மட்டும் அமெரிக்க விசைப்பலகைக்கு மாறியிருந்தது. நான் ‘ஏ’ என்று அழுத்துவதை அது ‘கியூ’ என்று எடுத்துக்கொண்டது. எனக்குக் காரணம் தெரிந்ததால் தப்பித்தேன். தெரியாதவர் தன் கோப்புகளை இனி திறக்கவே முடியாது என்றுதான் நினைப்பார்.

ஏழு பேர் ஓட்டுப் போட்டார்கள். வெளியீட்டைத் தடுக்க வேண்டும் என்றவர்கள் மூவர், வேண்டாம் என்றவர்கள் நால்வர். அந்த நால்வரில் இருவர் அதைச் செய்து பார்க்கவே இல்லை. ஒருவர் ‘மைனஸ் ஒன்று’, அதாவது தடுக்க வேண்டாம், என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் சொன்ன காரணம், தேதியை அறிவித்தாயிற்று என்பது. பதிப்பு வெளியானது.

மற்ற இடங்களில் எப்படி என்று பார்ப்போம். பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு இடம் தரும் அப்பாச்சி அறக்கட்டளையில் வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று செல்லுபடியாகும் ஆதரவு ஓட்டு வேண்டும்; எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாகவும் இருக்க வேண்டும். தனி ஒருவர் வெளியீட்டைத் தடுத்துவிட முடியாது. அது சரிதான், ஒருவருடைய பிடிவாதத்தில் எல்லோரும் முடங்கக் கூடாது. ஆனால் நிரல் மாற்றத்தை ஒருவர் தடுக்கலாம். தொழில்நுட்பக் காரணம் எழுதாவிட்டால் அந்தத் தடை செல்லாது. எனக்குப் பிடித்தது இந்த விதிதான். டெபியன் என்ற இயங்குதளத் திட்டத்தில் ஒவ்வொரு பிழைக்கும் ஓட்டெடுப்பு கிடையாது. பிழையின் தீவிரத்தை வைத்து வெளியீட்டுக் குழு முடிவு செய்கிறது. ஃபெடோரா என்ற இன்னொரு இயங்குதளத் திட்டத்தில் வெளியீட்டு நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பிழை எந்த நிபந்தனையை மீறுகிறது என்பதே அங்கே கேள்வி. 2022-இல், இணையத்தில் போகும் தகவலை மறையாக்கம் செய்யப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் கடுமையான பாதுகாப்புக் குறை என்று முன்னறிவிப்பு வந்ததும் ஃபெடோரா 37 பதிப்பைத் தள்ளிவைத்தார்கள். அது நவம்பர் 15 அன்றுதான் வந்தது. அந்தக் குறையின் தீவிரத்தை இடையில் ஒரு படி குறைத்தார்கள் என்றாலும், காத்திருந்ததை நான் தவறாக நினைக்கவில்லை.

எங்கள் திட்டத்தில் எழுதி வைத்த நிபந்தனையே இல்லை. அதனால் ஒருவர் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று பார்க்கிறார், இன்னொருவர் நாட்காட்டியைப் பார்க்கிறார். ஏழு பேரும் ஏழு வெவ்வேறு கேள்விக்கு ஓட்டுப் போட்டு, அதைக் கூட்டினால் என்ன கிடைக்கும்?

தன்னார்வத் திட்டங்களை நடத்துபவர்கள் இதைப் படித்தால், இரண்டு விதியையாவது சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆதரவோ எதிர்ப்போ, எந்த நிபந்தனையின்படி என்று ஒரு வரி எழுதாத ஓட்டை எண்ணக் கூடாது. பிழையைத் தன் கணினியில் செய்து பார்த்தாரா இல்லையா என்பதை ஓட்டின் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். எங்கள் அடுத்த பதிப்புக்கு முன் இதையே முன்மொழியப் போகிறேன். அந்த விசைப்பலகைப் பிழையையும் மறுபடி ஓட்டுக்கு வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் சோதனையாளர்