உடைந்த கிரேயானை உருக்கும் முன் வகை பிரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிப் பைகளைக் கொட்டிச் சுத்தம் செய்யும்போது, பெங்களூரு வீடுகளில் உடைந்த கிரேயான் துண்டுகள் பிடிபிடியாகக் குப்பைக்குப் போகின்றன. அவை எளிதில் மட்காது, பழைய பேப்பர்காரரும் வாங்க மாட்டார். உருக்கிப் புது கிரேயான் செய்யலாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் செய்து பார்த்தால் ஒன்று பிசுபிசுக்கிறது, இன்னொன்று உருகவே மறுக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் ஒன்றாகப் போடுவதுதான் காரணம்.

கிரேயான் என்ற பெயரில் வீட்டில் மூன்று பொருள்கள் கலந்து கிடக்கும். நகத்தால் கீறினால் சுருளாகச் சீவல் வருவது மெழுகு கிரேயான். விரலில் மையாக ஒட்டுவது ஆயில் பேஸ்டல். அதில் எண்ணெய் இருப்பதால் உருக்கி ஆறவைத்தாலும் இறுகாது. காகித உறை இல்லாமல், பென்சில் துருவியில் சீவும்படி கெட்டியாக, ரப்பரால் அழிக்கக்கூடியதாக இருப்பது பிளாஸ்டிக் கிரேயான். கொதிநீர்ச் சூட்டுக்கு அது ஒழுங்காக உருகாது. முதல் வகையை மட்டுமே உருக்க வேண்டும். மற்ற இரண்டையும் துண்டாகவே வைத்து வரையலாம்.

காகித உறையை நகத்தால் பிய்க்கப் போராட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறினால் தானே கழன்றுவிடும். பிறகு துணியால் துடைத்து ஓர் இரவு உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் உருகும்போது குமிழி கிளம்பி, ஆறிய கிரேயான் ஓட்டை ஓட்டையாக இருக்கும். இட்லிப் பானையில் மூடி வைத்து உருக்கக் கூடாது என்பதும் இதனால்தான்: மூடியின் ஆவித்துளி மெழுகில் சொட்டும்.

அகலப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்து, அதற்குள் இனிச் சமையலுக்குத் தேவைப்படாத பழைய டம்ளரில் துண்டுகளைப் போட்டுச் சிறு தீயில் உருக்குங்கள். நம் ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மெழுகுக்கு 65 டிகிரியே தாராளம். நேரடித் தீயில் வைத்தால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். உருக்குவதும் ஊற்றுவதும் பெரியவர்கள் வேலை. உறை கழற்றுவதையும் நிறம் பிரிப்பதையும் பிள்ளைகளிடம் விடுங்கள்.

எல்லா நிறத்தையும் கலந்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒரு கூட்டம். நீலம், பச்சை இன்னொரு கூட்டம். ஐந்து செ.மீ. அகலமும் ஒரு செ.மீ. ஆழமும் உள்ள வட்டமான சிலிக்கான் அச்சுக்கு சுமார் 18 கிராம் துண்டுகள் வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் நிறப்பொடி அடியில் தங்கி, மேல்பக்கம் வெளிறிவிடும். டம்ளரின் ஓரத்தில் மெல்லிய ஆடை படியத் தொடங்கும்வரை காத்திருந்து, ஐஸ் குச்சியால் ஒருமுறை கலக்கி ஊற்றுங்கள். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும். அதற்காகக் கொஞ்சம் மீதி வைத்துக்கொள்வது நல்லது.

உருக்கவே தேவையில்லாத வேலையும் உண்டு. கப்பன் பூங்காவில் பொறுக்கிய அரச இலையை ஒரு நாள் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்து, நரம்புப் பக்கம் மேலாகக் கிடத்தி, மெல்லிய தாளை மூடி, உறையில்லாத துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு நரம்பும் தாளில் எழும்பி வரும். இதற்கு முழு கிரேயானைவிட உடைந்ததே கைக்கு வாகு. பள்ளிகள் வகுப்புக்கு ஒரு டப்பா வைத்து இவற்றைச் சேகரித்தால், கீழ் வகுப்புகளுக்கு ஆண்டு முழுவதும் போதும்.

மெழுகுவர்த்திக்கு நிறம் சேர்க்க மட்டும் கிரேயானைப் போடாதீர்கள். நிறப்பொடி திரியை அடைத்து, சுடர் புகைந்து அணைந்துவிடும். மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் கல்லாக உறையும். டம்ளர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்தெடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள்,
அல்சூர், பெங்களூரு