முதல் பருவ நிறைவு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மே மாதம் தொடங்கிய முதல் பருவம் அக்டோபர் இரண்டாம் வாரத்தோடு நிறைவடைகிறது. பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள், வரைந்தார்கள், எண்களும் எழுத்துகளும் கற்றார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

பாங்காக்கில் வளரும் பிள்ளைகள் என்பதால், இந்தப் பருவம் முழுக்கத் தாய்லாந்துப் பண்பாட்டை ஒட்டியே வகுப்புகள் நடந்தன. ஜூனில் 'வாய் க்ரூ' எனப்படும் ஆசிரியர் வணக்க நாளுக்கு அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ மூன்றையும் தட்டில் அடுக்கி எடுத்து வந்தார்கள். கத்தரிப்பூ குனிந்து பூப்பதால் பணிவுக்கு, அருகம்புல் மிதித்தாலும் தழைப்பதால் பொறுமைக்கு என்று க்ரூ (வகுப்பு ஆசிரியை) விளக்கியபோது, "அருகம்புல் பிள்ளையாருக்குத்தானே?" என்று ஒரு சிறுமி கேட்டாள். க்ரூவுக்கும் தரலாம் என்றதும் அவளுக்கு ஏக சந்தோஷம். ஆகஸ்ட் 12 அன்னையர் தினத்தில் மல்லிகைப்பூ கொடுத்து உங்கள் காலில் விழுந்து வணங்கியதை நீங்களே பார்த்தீர்கள். காலை 8 மணிக்குக் கொடியேறும்போது மூன்று வயதுப் பிள்ளைகள்கூட அசையாமல் நிற்கிறார்கள்.

அப்புறம், பள்ளி முடிந்து பிள்ளைகளை அழைத்துப்போகும் நேரம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பள்ளி 3 மணிக்கு முடிகிறது. 3.30 வரை காத்திருப்பதில் எங்களுக்குச் சிரமமில்லை. ஆனால் சமீபகாலமாக 4.30, 5 மணி வரைகூடச் சில பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். சாத்தோன் சாலை நெரிசல் எனக்கும் தெரியும். செப்டம்பர் மழையில் சோய்க்குள், அதாவது சந்துக்குள், தண்ணீர் நின்றுவிட்டால் மோட்டார் சைக்கிள் டாக்சிகூட வராது. அப்படிப்பட்ட நாளில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். லைன் செயலியில் ஒரு வரி போட்டால் போதும். மழையில்லாத நாளிலும், தகவலே இல்லாமலும் தாமதமாவதுதான் கவலை தருகிறது.

போன வாரம் நான்கு வயதுப் பையன் ஒருவன் பையைத் தோளிலிருந்து இறக்க மறுத்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து செருப்பை மாட்டுவான். வேறு யாரோ என்று தெரிந்ததும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி உட்காருவான். க்ரூ தனக்கென்று வாங்கி வைத்திருந்த ஒட்டரிசிச் சோற்றை உருட்டி அவனுக்குக் கொடுத்தார். அவருடைய மகளும் சின்னப் பெண்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோன்புரியில் பாட்டி வீட்டில் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். படகு பிடித்து, பிறகு பேருந்து பிடித்து அவர் போய்ச் சேர வேண்டும்.

இதையெல்லாம் அவர் உங்களிடம் ஒருநாளும் சொல்ல மாட்டார். சிரித்த முகத்தோடு கைகூப்பி, பரவாயில்லை என்றுதான் சொல்வார். அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று இந்த ஊரில் சின்ன வயதிலிருந்தே பழக்குகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அதைத்தான் இங்கே சொல்லித் தருகிறோம். அந்தச் சிரிப்பைப் பார்த்து, தாமதமாக வரலாம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

கண்டிப்பாகவே சொல்கிறேன். இரண்டாம் பருவத்திலிருந்து, தகவல் சொல்லாமல் மூன்று முறை 3.30 மணியைத் தாண்டினால், மறுநாள் காலை என்னை நேரில் பார்த்துப் பேசிய பிறகே பிள்ளையை விட்டுச் செல்ல முடியும். பதிவேட்டில் பெயரும் படமும் இல்லாத யாரிடமும் பிள்ளையை ஒப்படைக்க மாட்டோம். தெருமுனை மோட்டார் சைக்கிள்காரர் உங்களுக்கு எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சரி, இதில் விலக்கு இல்லை.

உங்களில் பெரும்பாலோர் நேரத்துக்கு வருகிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஒரே குடியிருப்பில் இருக்கும் சில அம்மாக்கள் முறைவைத்து ஒருவர் பிள்ளையை ஒருவர் அழைத்துப் போகிறார்கள்; நல்ல ஏற்பாடு. மற்றவர்களும் செய்யலாம், பெயரை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மழையில் நனைந்தபடி ஓடி வந்தும், க்ரூவுக்குப் பதில் வணக்கம் சொல்லி நன்றி கூறிவிட்டுப் போகிறவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

நவராத்திரிக்குச் சீலோம் மாரியம்மன் கோயிலில் பலரைப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். விடுமுறை முடிந்து நவம்பரில் பள்ளி திறந்ததும் நீரில் மிதவை விடும் லாய் க்ரதோங் விழாவுக்கான வேலைகள் தொடங்கும். மிதவை செய்ய வாழைமரத் துண்டும் இலையும் தர முடிந்தவர்கள் வகுப்பு ஆசிரியையிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை