ப்ளஸ் ஒன் விடைத்தாளை பசங்க கையில திருப்பிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல 14 வருஷமா சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பிப்ரவரி பொறந்துட்டா போதும், சாயந்திரம் ஸ்கூல் விட்டதும் கடை வாசல்ல நிக்க இடம் இருக்காது, டென்த், ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூன்னு மூணு செட்டு பசங்களும் பழைய கொஸ்டின் பேப்பர், ஒன் மார்க் தொகுப்புன்னு கட்டு கட்டா எடுத்துட்டு போவாங்க. இந்த தடவை ப்ளஸ் ஒன் பசங்க ஒருத்தர் ரெண்டு பேரைத் தவிர யாரும் வரல. 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கை வெளியிட்டப்ப, 2025-26-லேர்ந்து ப்ளஸ் ஒன்னுக்கு பொதுத்தேர்வு கிடையாதுன்னு அறிவிச்சாங்க இல்லைங்களா, அதனாலதான். வியாபாரம் குறைஞ்சு போச்சேன்னு இதை எழுதலைங்க. என் பொண்ணும் இப்ப ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். போன மாசம் ஒருநாள் கடையில உக்காந்துட்டு இருந்தவ, "அப்பா, பப்ளிக்கும் இல்ல, நான் நெஜமாவே படிக்கிறேனா சும்மா புக்கை புரட்டுறேனான்னு எதை வச்சுப்பா தெரிஞ்சிக்கிறது"ன்னு கேட்டா. சட்டுன்னு எனக்கு பதில் வரல. அன்னிலேர்ந்து யோசிச்சதைத்தான் எழுதுறேன்.

பொதுத்தேர்வை எடுத்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். 10, 11, 12-ன்னு மூணு வருஷம் விடாம பப்ளிக் எழுதுன பசங்க முகத்தை கடையில நின்னு பாத்தவன் நான், பாவமா இருக்கும். ஆனா 2017-18-ல அந்த தேர்வை எதுக்கு கொண்டு வந்தாங்கன்னு மறந்துடக் கூடாது. நெறைய தனியார் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிட்டு ஜூன் மாசமே ப்ளஸ் டூ புக்கை கையில குடுத்துடுவாங்க. நானே அப்படி படிச்சவன்தான். நான் ப்ளஸ் டூ முடிச்சது 2003-ல, அப்ப கிருஷ்ணகிரியும் எங்க தருமபுரி மாவட்டத்துலதான் இருந்துச்சு. ஹாஸ்டல்ல போட்டு ரெண்டு வருஷமும் ஒரே புக்கை உருப்போட வச்சாங்க, 1200-க்கு ஆயிரத்துக்கு மேல வாங்கினேன், ஊர்ல எல்லாரும் கொண்டாடினாங்க. இன்ஜினியரிங்ல சேந்து முதல் செமஸ்டர் கணக்கு கிளாஸ்ல உக்காந்தப்பதான் தெரிஞ்சுது எனக்கு ப்ளஸ் ஒன் ட்ரிக்னாமெட்ரியே ஒழுங்கா தெரியாதுன்னு. அரியர் மேல அரியர். நல்லா படிக்கிற பையன்னு ரெண்டு வருஷமா என்னைப் பத்தி நானே நெனச்சுட்டு இருந்தது அத்தனையும் வெறும் மார்க்கு, அந்த வலி இன்னும் போகல சார்.

அதனால தேர்வு இருந்தா தன் நிலைமை தெரியும், இல்லன்னா தெரியாதுங்கற பேச்சை என்னால முழுசா ஒத்துக்க முடியல. ப்ளஸ் ஒன் பப்ளிக் எழுதுன பசங்களுக்கு கடைசியில கெடச்சது என்ன, இயற்பியல் 61, வேதியியல் 58-ன்னு ஒரு சீட்டு. எந்த பாடத்துல எங்க சறுக்குனோம்னு அதுல இருக்காது, பேப்பர் வேற எங்கயோ திருத்துற மையத்துக்கு போயிடும், பணம் கட்டி நகல் கேட்டாத்தான் கண்ணால பாக்கலாம், எங்க ஊர்ப் பக்கம் எத்தனை பேர் கேட்டிருப்பாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. என் அக்கா பையன் 2021-ல ப்ளஸ் டூ. கொரோனாவால அந்த வருஷம் தேர்வே நடக்கல, டென்த்லேர்ந்து 50 சதவீதம், ப்ளஸ் ஒன்லேர்ந்து 20, ப்ளஸ் டூ செய்முறை, இன்டர்னல்லேர்ந்து 30-ன்னு சேத்து மார்க் போட்டாங்க. நல்ல மார்க்குதான் வந்துச்சு. ஆனா காலேஜ் சேந்த புதுசுல வீட்டுக்கு வந்தவன், "மாமா, எனக்கு எது தெரியும் எது தெரியாதுன்னே தெரியல மாமா, யாராவது கேள்வி கேட்டா பயமா இருக்கு"ன்னு சொன்னான். மார்க் இருந்தும் அவனுக்கு நம்பிக்கை வரல. இவன் சொன்னதும் என் கதையும் ஒண்ணுதான்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

எங்க அண்ணன் மாரண்டஅள்ளி பக்கம் பட்டுப்புழு வளக்குறார். புழு கூடு கட்டுறதுக்கு முன்னாடி நாலு தடவை தோல் உரிக்கும். ஒவ்வொரு தடவையும் எந்தப் புழு தின்னுது எது தின்னாம கெடக்குதுன்னு கிட்ட உக்காந்து பாத்து, பின்தங்கினதை தனியா எடுத்து வப்பார். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில ஏலம் போகும்போது குறை தெரிஞ்சா அவர் என்ன பண்ண முடியும்?

இப்ப வீட்டுல நாங்க பண்றதை சொல்றேன், பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில என் பொண்ணு புக்கை என்கிட்ட குடுத்துட்டு, அந்த வாரம் நடத்துன பாடத்துல ஞாபகம் இருக்கறதை ஒரு வெள்ளைத்தாள்ல நீலப் பேனாவுல எழுதுவா. அப்புறம் புக்கைத் தொறந்து விட்டதை சிவப்புல அவளே எழுதுவா. முதல் வாரம் தாள் பூரா சிவப்பு, அழுதுட்டா, "தெரியும்னு நெனச்சேன்ப்பா"ன்னா. அந்த நெனப்பு உடையறதுக்குத்தாம்மா இது, யாரும் மார்க் போட போறதில்லன்னு சொன்னேன். மூணு வாரம் கழிச்சு அதே பாடத்தை திரும்ப எழுதச் சொல்வேன், ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சு பாத்தா முன்னேற்றம் கண்ணுல தெரியும், ரேங்க் கார்டே வேணாம். இதுக்கு எனக்கு பிசிக்ஸ் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல, படிக்காத அம்மா அப்பாவும் பண்ணலாம்.

கணக்குக்கு தப்பு நோட்டுன்னு ஒண்ணு போட்டிருக்கா. கணக்கே தெரியாம விட்டதா, தெரிஞ்சும் அவசரத்துல கூட்டல்ல விட்டதா, இல்ல கேள்வியே புரியலையான்னு பக்கத்துல எழுதுவா. இதை ஆரம்பிச்ச பிறகுதான் அவளுக்கு கேள்வி புரியாம போனதுதான் அதிகம்னு தெரிஞ்சுது. பாடத்துக்கு கடைசியில இருக்கற புக் பேக் ஒன் மார்க்குல கேள்வி நம்பரைச் சொன்னாலே விடை சொல்வா, அதே கேள்வியை கொஞ்சம் மாத்தி பாடத்துக்கு உள்ளேர்ந்து கேட்டா முழிப்பா. டைம் வச்சு எழுதிப் பாக்கறதுக்கு பழைய ப்ளஸ் ஒன் பப்ளிக் பேப்பர் இருக்கு, ஆனா 2018 மார்ச் பேப்பரை எடுக்காதீங்க, அது பழைய புக்கு, இப்ப இருக்கற புக்கு 2018-19-ல வந்தது. 2019-லேர்ந்து 2025 வரைக்கும் உள்ளதை எடுங்க, நடுவுல 2021-ல மட்டும் தேர்வு நடக்கல.

பக்கத்து வீட்டுல எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு என் பொண்ணு சயின்ஸ் சொல்லிக் குடுக்கறா, அதுலயும் தான் எங்க தடுமாறுறோம்னு அவளுக்கே தெரிஞ்சிடுது.

இது எல்லாம் வீட்டுல பண்றது. ஸ்கூல்ல பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, இந்தக் கடிதமே அதுக்காகத்தான். காலாண்டு, அரையாண்டு பேப்பரை கிளாஸ்ல குடுப்பாங்க, பசங்க மார்க்கை கூட்டிப் பாத்துட்டு மடிச்சு வச்சிடுவாங்க. முழுஆண்டு பேப்பர் அதுவும் கெடையாது, லீவு விட்டுடுவாங்க, கட்டு பீரோவுக்குள்ள போயிடும். இனிமே ப்ளஸ் ஒன் முழுஆண்டுத் தேர்வு ஸ்கூல்லயே நடந்து ஸ்கூல்லயே திருத்தறாங்க, பேப்பர் ஊரை விட்டு எங்கயும் போகல. அப்ப ஜூன்ல ஸ்கூல் தொறந்த முதல் வாரம் அந்த விடைத்தாளை பசங்க கையில குடுத்து, பாடத்துக்கு ஒரு பீரியடாவது எங்க மார்க் போச்சு ஏன் போச்சுன்னு அவங்க பக்கத்துல நின்னு பேசணும்னு கேக்கறேன். ஒரு கிளாஸ்ல 50, 60 பசங்கள வச்சு டீச்சருங்க படுற பாடு எனக்கு தெரியும், கடைக்கு வர்றவங்க சொல்றாங்க. ஆனா ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு வாரம் குடுத்தா போதும். நகல் எடுத்து வச்சிக்கணும்னா பாலக்கோடு அரசுப் பள்ளி பசங்களுக்கு என் கடையில காசு வாங்காம எடுத்துக் குடுக்கறேன், வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டுத்தான் எழுதறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.