நேர்முகப் பரீட்சையில் கேள்வி கேட்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் மழை விடவில்லை. உன் கொம்பனியில் ஆள் எடுக்கும் குழுவில் உன்னையும் போட்டிருக்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னாள். அம்மா அக்கம்பக்கம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு விஷயம் மனதில் கிடக்கிறது. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும்.

"பார்த்தால் தோட்டத்துப் பிள்ளை மாதிரியே இல்லை" என்று கொழும்பில் உன்னிடம் சொன்னார்களே, அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாராட்டத்தான் சொன்னார்கள். எனக்குக் கவலையே அதுதான். தோட்டத்துப் பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு உருவம் அவர்கள் மனதில் முன்பே உட்கார்ந்திருக்கிறது. உன்னை மட்டும் விதிவிலக்காக்கிவிட்டு அந்த உருவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அடுத்து வரும் பிள்ளையை அதை வைத்துத்தான் அளப்பார்கள்.

அந்த உருவம் வந்த வழி உனக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வழியினரான நம் ஆட்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முன் ஐந்தாம் வகுப்பு தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். கதவை மூடி வைத்தது யார் என்பது மறந்துபோனது, 'இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்ற பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

இப்போது மேசைக்கு வரும் விண்ணப்பத்தை நினைத்துப் பார். முகவரியில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் இருக்கும். அதைப் படித்த கண்ணோடுதான் மற்றதையும் படிப்பார்கள். அமெரிக்காவில் பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்களை வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லை. சிலவற்றில் வெள்ளையர் பெயர், சிலவற்றில் கறுப்பர் பெயர். வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. ஆய்வு 2004இல் வெளிவந்தது. அந்த விண்ணப்பங்களைத் தள்ளிவைத்தவர்களில் எத்தனை பேர் தங்களை இனவாதி என்று ஒப்புக்கொள்வார்கள்? பலருக்குத் தாங்கள் செய்ததே தெரிந்திருக்காது.

நீயும் இங்கிருந்து போனவள், உனக்கு அப்படி வராது என்று நினைக்காதே மகளே. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதியர் கறுப்பினக் குழந்தைகளுக்கு முன் வெள்ளைப் பொம்மையும் பழுப்புப் பொம்மையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். தன்னைப் பற்றி ஊர் சொல்வதைக் குழந்தையும் கேட்டுத்தானே வளர்கிறது. நம் பிள்ளைகளே ஊர் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்து டவுனான 'ஹட்டன்' என்று முடித்துக்கொள்வதை நான் வகுப்பில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அப்படி வளர்ந்த ஒருத்தி பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால், தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையிடம் மற்றவர்களைவிடக் கடுமையாகவும் இருக்கக்கூடும்.

அப்போ என்ன செய்வது? நல்ல மனம் மட்டும் போதாது. அரை நாள் பயிற்சி வகுப்பும் போதாது. 2016இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், அறியாமல் வரும் பக்கச்சார்பைக் குறைக்க ஒன்பது வழிகளைச் சோதித்தார்கள். ஒன்பதும் உடனே பலன் தந்தன, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அந்தப் பலன் போய்விட்டது. ஆகவே மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல் வேலை செய்யும் முறையை மாற்று. முதல் சுற்றில் பெயர், முகவரி, பாடசாலை மூன்றையும் மறைத்துவிடச் சொல். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். குழுவில் பேசத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புள்ளி போடுங்கள். இல்லாவிட்டால் பெரியவர் ஒருவர் "இந்தப் பிள்ளை நமக்குச் சரிவராது" என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். யாராவது அப்படிச் சொன்னால், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் போதவில்லை என்று மரியாதையாகக் கேள்.

இங்கிலீஷையும் கவனி. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகமாக அடிபடுகிறார்கள். கணக்குப் பார்க்கும் வேலைக்குக் கொழும்பு உச்சரிப்பு எதற்கு? வேலைக்கு உண்மையிலேயே வேண்டுமானால் அதற்குத் தனியாகப் புள்ளி போடுங்கள். வேண்டாமென்றால், தடுமாறிப் பேசுகிற பிள்ளைக்கு அறிவே குறைவு என்று முடிவு கட்ட விடாதே.

தோட்டத்துப் பிள்ளைக்குச் சலுகை காட்டச் சொல்லவில்லை. தகுதியில்லாவிட்டால் எடுக்காதே. தகுதியைப் பார்க்கும் முன்பே யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது.

கேள்விகளை எழுதி முடித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, படித்துப் பார்க்கிறேன். பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா